பிள்ளையைச் சோதிக்கிறோம், பக்கத்தை யார் சோதிப்பது?

போன லீவுக்கு ஊருக்கு வந்திருந்தப்போ, எங்கள் தோட்டத்துக் கோயில் மடத்தில் பின்னேர வகுப்பு நடத்துறவங்க, "தமிழ்ப் பாடத்தை மட்டும் கொஞ்சம் பாருங்க"ன்னு கேட்டார்கள். சரியென்று போனேன். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம், பிறகு கொஞ்சம் நடை. தரம் 6 பிள்ளைகள் பதினோரு பேர். கையில் யாரோ போட்டோகொப்பி எடுத்து வைத்திருந்த ஒரு வாசிப்புப் பத்தி. ஒரு கடற்கரைக் கிராமத்தில் விடியக்காலையில் வள்ளங்கள் கரை திரும்புவதைப் பற்றியது.

முதலில் ஒரு தங்கச்சி வாசித்தாள். ஒரு எழுத்தும் பிசகவில்லை. ராகம் போட்டு, நிறுத்தக்குறியில் நின்று, கடகடவென்று முடித்தாள். நல்லா இருக்கேன்னு நினைத்துக்கொண்டு, "வள்ளத்துல வந்தவங்க கரைக்கு வந்து என்ன செஞ்சாங்க?" என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தாளைப் பார்த்து, முதல் வரியிலிருந்து திரும்ப வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.

அடுத்தது ஒரு தம்பி. "திரும்பிக்கொண்டிருந்தன" என்ற சொல்லில் மூன்று தரம் முட்டி நின்றான். கடைசியில் "திரும்பி வந்துகிட்டு இருந்துச்சி" என்றான். இன்னும் இரண்டு சொற்களை அப்படியே தாண்டிப் போனான். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். அவனிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். "மீன் புடிக்கப் போன ஆளுக விடிய வர்றாங்கக்கா. அத நிறுக்கிறதுக்கு ஒரு ஆளு நிக்கிது. நம்ம கொழுந்து நிறுக்கிற மாதிரிதான்" என்றான்.

வகுப்பு முடிந்த பிறகு விசாரித்தேன். பாடசாலையில் "வாசிக்கத் தெரியாத பிள்ளைகள்" பட்டியலில் இருப்பது அந்தத் தம்பி. தங்கச்சி "நல்லா வாசிக்கிற பிள்ளை". காலைக் கூட்டத்தில் சிந்தனை வாசிக்கிறவளும் அவள்தான்.

இந்தக் கட்டுரை அந்தப் பட்டியலைப் பற்றியது. நம்ம வகுப்பறைகளில் வாசிப்பை அளக்கும் முறை அரைகுறையானது என்பது என் கருத்து. அதைவிடப் பெரிய குறை, பிள்ளையின் கையில் கொடுக்கிற பக்கத்தை நாம் ஒருநாளும் அளந்து பார்ப்பதில்லை என்பது. பிள்ளை தடுக்கி விழுந்தால் பிள்ளையில்தான் பிழை. பாதையில் கல் இருந்ததா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

சத்தமும் விளக்கமும் ஒன்றல்ல

நமக்குத் தெரிந்த வாசிப்புப் பரீட்சை என்ன? "எழும்பி நின்னு வாசி." வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க ஒரு பந்தி. அல்லது தவணைப் பரீட்சையில் ஒரு பத்தியும் ஐந்து கேள்வியும். முதலாவதில் சத்தம் மட்டும் அளக்கப்படுகிறது. இரண்டாவதில் கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து, அந்த வரியை அப்படியே எழுதினால் சரி போட்டுவிடுவார்கள். ஒன்றுமே விளங்காமல் ஐந்துக்கு நாலு எடுக்கலாம். நான் எடுத்திருக்கிறேன்.

வாசிப்பில் குறைந்தது மூன்று வேலை நடக்கிறது. எழுத்தைப் பிடிப்பது ஒன்று. தமிழில் அது சின்ன வேலை இல்லை. 247 எழுத்து என்று பாட்டாகச் சொல்லிவிடுவோம். ஆனால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், அதன் சத்தம் பின்னால் வரும். "கொ"வில் கொம்பு இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம். "கெ", "கே", "கொ", "கோ" நான்கையும் பிரித்துப் பிடிக்கவே பல பிள்ளைகளுக்கு நாள் எடுக்கும். இரண்டாவது, ஓட்டம். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டு போகிற பிள்ளைக்கு, வசனத்தின் கடைசிக்கு வரும்போது முதல் சொல் மறந்திருக்கும். மூன்றாவது, விளக்கம். இந்த மூன்றில் எது உடைந்திருக்கிறது என்று தெரியாமல் "வாசிக்கத் தெரியாது" என்று எழுதுவது, காய்ச்சலா, கால்முறிவா என்று பார்க்காமல் "சுகமில்லை" என்று எழுதி வைப்பது மாதிரி. மருந்து எதற்குக் கொடுப்பது?

அந்தத் தம்பிக்கு எழுத்துப் பிடிப்பதில் பிரச்சினை இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. தெரிந்த விசயத்தை வைத்து இட்டு நிரப்பி ஓடுகிறான், தெரியாத விசயம் வந்தால் நின்றுவிடுவான். அவனுக்கு எழுத்தில் வேலை செய்ய வேண்டும். தங்கச்சிக்கு எழுத்தில் ஒரு நிமிடமும் செலவழிக்கத் தேவையில்லை. அவளோடு உட்கார்ந்து, "இப்ப என்ன நடந்துச்சி? ஏன்?" என்று பேச வேண்டும். ஆனால் இப்போதைய ஏற்பாட்டில் தம்பிக்குத் திட்டு, தங்கச்சிக்குக் கைதட்டு. இரண்டு பேருக்குமே பாடம் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. "பெய்தது" என்று இருப்பதைப் பிள்ளை "பேஞ்சிச்சி" என்று வாசித்தால் அது பிழையா? சிவப்புப் பேனைக்குப் பிழைதான். அமெரிக்காவில் கென்னத் குட்மன் என்ற கல்வியியலாளர் 1960களில் இதைத்தான் ஆராய்ந்தார். பிள்ளை வாசிக்கும்போது விடுகிற பிழைகள் எல்லாம் ஒரே மாதிரியானவை இல்லை. சிலது கருத்தை உடைக்கும், சிலது பிள்ளை கருத்தைப் பிடித்துவிட்டதையே காட்டும் என்றார். "பெய்தது" என்பதைப் "பொய்தது" என்று வாசிக்கிற பிள்ளைக்கு விளங்கவில்லை. "பேஞ்சிச்சி" என்கிற பிள்ளை எழுத்துத் தமிழைப் பார்த்து, விளங்கிக்கொண்டு, லயத்துத் தமிழில் சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே கோடு போடுவது நியாயமில்லை.

ஒரு தாள் போதும்

"இதையெல்லாம் பார்க்க நேரம் எங்க இருக்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை.

இந்தியாவில் பிரதம் என்ற அமைப்பு 2005இலிருந்து 'அசர்' என்ற ஆய்வை நடத்துகிறது. அதில் வாசிப்பைப் பார்க்கப் பயன்படுவது ஒரே ஒரு தாள். கொஞ்சம் எழுத்துகள், கொஞ்சம் சொற்கள், முதலாம் வகுப்பு மட்டத்தில் ஒரு சின்னப் பந்தி, இரண்டாம் வகுப்பு மட்டத்தில் ஒரு குட்டிக் கதை. அவ்வளவுதான். பிள்ளையின் வீட்டுக்கே போய், ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்து, சில நிமிடங்களில் முடிக்கிறார்கள். செய்கிறவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள், அதில் நிறையப் பேர் நம்ம வயதுக்காரர்கள். தமிழிலும் அந்தத் தாள் இருக்கிறது. அது விளக்கத்தை ஆழமாகப் பார்க்காது, உண்மைதான். ஆனால் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று வாத்தியாருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும்.

நமக்கு இது ஏன் அவசரம்? 2020 ஜனவரியில் தரம் 1க்குப் போன பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். மார்ச்சில் பாடசாலை மூடியது. ஃபோன் இல்லாத லயம், சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறின பிள்ளைகள். இந்தக் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். "அ, ஆ" எழுதிப் பழக வேண்டிய வயது அப்படிப் போனது. அந்தப் பிள்ளைகள்தான் 2025இல் தரம் 6க்கு வந்தவர்கள். இடையில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையும் எழுதிவிட்டார்கள். வினாத்தாளையே வாசிக்க முடியாத பிள்ளைக்கு அதில் உள்ள கணக்கும் வாசிப்புப் பரீட்சைதான். பிறகு "கணக்கும் வராது" என்று இன்னொரு பட்டியலிலும் பெயர் ஏறும்.

பக்கத்தின் பாரம்

இப்போது பக்கத்துக்கு வருவோம். ஒரு பத்தி கஷ்டமா லேசா என்று எப்படிச் சொல்வது?

ஆங்கிலத்துக்கு 1948இல் ருடோல்ஃப் ஃப்ளெஷ் என்பவர் ஒரு சூத்திரம் கொடுத்தார். வசனம் எவ்வளவு நீளம், சொல்லில் எத்தனை அசை, இந்த இரண்டையும் வைத்து ஒரு எண் வரும். இன்றைக்கும் கணினிகளில் அது ஓடுகிறது. ஆனால் தமிழுக்கு அதை அப்படியே கொண்டுவந்தால் மோசம் போவோம். இந்த இரண்டையும் பாருங்கள். நானே எழுதியவைதான்.

"பயிர்ச்செய்கையில் ஈடுபடுவோர் எதிர்நோக்கும் இடர்களுள் மண்ணரிப்பும் ஒன்றாகும்."

"மலையில் தேயிலை போட்டிருக்கிறார்கள். மழை பெய்தால் மண் கரைந்து போய்விடும். அதனால்தான் கான் வெட்டுகிறார்கள், கல்லு அடுக்குகிறார்கள்."

முதலாவதில் ஆறே சொல், ஒரு வசனம். சொல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் குட்டி வசனம். ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஒரு மூட்டை. "எதிர்நோக்கும்" என்பதற்குள் ஒரு வினை, ஒரு உருவகம், ஒரு பெயரெச்சம். "இடர்களுள்" என்பதைத் தரம் 6 பிள்ளை வீட்டிலும் கேட்டிருக்காது, டீவியிலும் கேட்டிருக்காது. தமிழில் ஒட்டுகள் சேரச் சேரச் சொல் நீளும், புணர்ச்சியில் எழுத்தும் மாறும். "நிமிடத்துக்கு எத்தனை சொல்" என்று ஆங்கிலத்தில் வேகம் பார்க்கிற மாதிரி இங்கே பார்த்தாலும் அதே சிக்கல். "போக வேண்டியிருந்தது" என்பதை ஒருவர் இரண்டு சொல்லாக எழுதுவார், இன்னொருவர் ஒன்றாகச் சேர்த்து எழுதுவார். பிள்ளையின் வேகம் அச்சுக்காரர் விட்ட இடைவெளியைப் பொறுத்தா மாறுவது?

அதனால் சூத்திரத்தை விட, பிள்ளையையும் பக்கத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற பழைய முறைகள்தான் நமக்கு உதவும். இரண்டைச் சொல்கிறேன்.

எமெட் பெட்ஸ் என்ற அமெரிக்கர் 1946இல் சொன்னது ஒன்று. ஒரு பத்தியில் நூறு சொல்லைப் பிள்ளை வாசிக்கட்டும். ஐந்துக்கு மேல் தட்டவில்லை, கேட்டால் பெரும்பாலும் பதில் சொல்கிறது என்றால், ஆசிரியர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க அது ஏற்ற பத்தி. பத்துக்கு மேல் தட்டினால் அந்தப் பத்தி பிள்ளையை வெறுக்க வைக்கும், கற்பிக்காது.

வில்சன் டெய்லர் 1953இல் கொண்டுவந்தது மற்றது. ஒரு பத்தியில் ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் அழித்துவிட்டு, பிள்ளையை நிரப்பச் சொல்வது. நிரப்ப முடிந்தால் பத்தியின் ஓட்டம் பிள்ளைக்குப் பிடிபட்டிருக்கிறது. தமிழில் இதைச் செய்யும்போது அதே சொல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. விகுதி கொஞ்சம் மாறினாலும் கருத்துப் பொருந்தினால் ஏற்க வேண்டும். வெள்ளைக்காரன் சொன்ன சதவீதத்தை நாம் அப்படியே பிடித்துக்கொள்ளவும் தேவையில்லை. வகுப்பில் பாதிப்பேரால் பாதியையும் நிரப்ப முடியவில்லை என்றால், பிரச்சினை பாதி வகுப்பில் இல்லை, பக்கத்தில் இருக்கிறது என்று விளங்கினால் போதும்.

நம்ம பிள்ளைக்குத் தெரிந்தது எது?

பக்கத்தின் பாரம் சொல்லில் மட்டும் இல்லை. அது யாருடைய உலகத்தைப் பேசுகிறது என்பதிலும் இருக்கிறது.

1988இல் டொனா ரெக்ட், லோரன் லெஸ்லி என்ற இருவர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பேஸ்போல் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பத்தியை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். பரீட்சைப்படி "மோசமான வாசகர்கள்", ஆனால் பேஸ்போல் நன்றாகத் தெரிந்தவர்கள் ஒரு பக்கம். "நல்ல வாசகர்கள்", ஆனால் பேஸ்போல் தெரியாதவர்கள் இன்னொரு பக்கம். பத்தியை நன்றாக விளங்கி நினைவில் வைத்திருந்தது முதல் கூட்டம்தான்.

அந்த மடத்தில் எனக்கு ஞாபகம் வந்தது இதுதான். அடுத்த நாள் நான் ஒரு பத்தி எழுதிக்கொண்டு போனேன். எழுத்துத் தமிழில்தான். காலையில் பெரட்டுக்குப் போவது, கொழுந்து நிறுப்பது, நிறுவையில் ஈரத்துக்கென்று கழிப்பது, அதனால் அரைப்பேர் விழுவது. சொற்கள் லேசானவை இல்லை; "கழிக்கப்படுகிறது", "வழங்கப்படுவதில்லை" எல்லாம் வேண்டுமென்றே போட்டேன். தம்பி "வழங்கப்படுவதில்லை"யில் நின்றான். இரண்டாம் தரம் பார்த்தான். மெதுவாக, முழுசாக வாசித்தான். முடித்துவிட்டு அவனாகவே சொன்னான்: "இது அநியாயம்க்கா. எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் கழிப்பாங்க." தங்கச்சியும் அன்றைக்கு ராகம் போடவில்லை. நடுவில் நிறுத்தி, "ஏன் ஈரத்துக்குக் கழிக்கிறாங்க?" என்று கேட்டாள். முதல்முறையாகப் பத்தியிலிருந்து ஒரு கேள்வி.

இரண்டு நாளில் அவர்களுக்கு வாசிப்பு வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பிள்ளை மாறவில்லை, பக்கம்தான் மாறியது, முடிவும் மாறியது. அப்படியென்றால் முதல் நாள் நாம் அளந்தது எதை?

இலவசப் பாடநூல் 1980இலிருந்து எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கிறது, அது பெரிய விசயம். யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் நுவரெலியாவுக்கும் ஒரே தமிழ்ப் புத்தகம். ஒரே புத்தகம் வேண்டாம் என்பது என் வாதம் இல்லை. கவ்வாத்து என்ற சொல்லில் யாழ்ப்பாணப் பிள்ளையும் முட்டி நிற்கும். ஆனால் நம்ம பிள்ளைக்குச் சொந்த உலகம் எழுத்தில் கிடைப்பது மிகக் குறைவு என்பதை மறக்கக் கூடாது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே, தோட்ட நிர்வாகத்தின் கையில்தான் கிடந்தன. அரசாங்கம் அவற்றைப் பெரும்பாலும் பொறுப்பெடுத்தது 1970களில் தொடங்கித்தான். நம்ம அம்மம்மா, தாத்தாமாரில் எத்தனை பேர் இன்னமும் பெருவிரல் வைத்துத்தான் காசு எடுக்கிறார்கள்? வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் என்பது கிட்டத்தட்ட இன்னொரு மொழி. அதை மதிப்பீடு செய்கிறவர் கணக்கில் எடுக்க வேண்டும்.

"அப்ப தரத்தை இறக்கச் சொல்றீங்களா?"

இதை எழுதப் போகிறேன் என்றதும் கெம்பஸில் ஒரு நண்பன் கேட்டது இதைத்தான். "ஓஎல் பேப்பர் லயத்துத் தமிழ்ல வராது. லேசான பத்தியா கொடுத்துப் பழக்கினா, கடைசில நம்ம பிள்ளைகள் அங்கதான் நிற்கும்."

அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. "இவங்களுக்கு இவ்வளவு போதும்" என்று சொல்லிச் சொல்லியே நம்மைக் கீழே வைத்த வரலாறு நமக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மட்டம் பிரித்தார்கள். பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து தொடங்கும் நல்ல யோசனைதான். ஆனால் எவ்வளவு அழகான பெயர் வைத்தாலும், யார் அரும்பு என்று ஒரு வாரத்தில் வகுப்புக்கே தெரிந்துவிடும். மட்டம் என்பது படியாக இல்லாமல் பெயராக ஒட்டிக்கொண்டால், அதுவும் இன்னொரு பட்டியல்தான்.

ஆனால் கஷ்டமான பத்தியைக் கையில் திணிப்பது தரத்தை உயர்த்துவது ஆகாது. ஏணியின் பத்தாவது படியைக் காட்டி "ஏறு" என்றால், பிள்ளை ஏறாது, ஏறின மாதிரி நடிக்கும். ராகம் போட்டு வாசிப்பது அந்த நடிப்புத்தான். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். முதலாம் வருடம் கலைப்பீடத்தில் கொடுத்த நோட்டுகளை வரி வரியாக அடிக்கோடு போட்டு வாசித்தேன். மூடி வைத்துவிட்டு என்ன வாசித்தேன் என்று கேட்டால் வாய் வராது. இருபது வயதில் "எனக்கு வாசிக்கத் தெரியாது" என்று கண்டுபிடிப்பது எவ்வளவு வெட்கமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். தரம் 6இலேயே யாராவது உட்கார வைத்து "என்ன விளங்கிச்சி?" என்று கேட்டிருந்தால் அது நடந்திருக்காது.

அதனால் இரண்டும் வேண்டும். தானாக வாசிக்க ஏற்ற பத்தி ஒன்று, ஆசிரியர் வாசித்துக்காட்டிப் பேச ஒரு படி மேலான பத்தி ஒன்று. தவணைக்கு ஒருமுறை திரும்ப அளந்து, படி மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாறாவிட்டால் அது பிள்ளையின் அறிக்கை மட்டுமல்ல, நம்ம கற்பித்தலின் அறிக்கையும்தான்.

நாம் என்ன செய்யலாம்?

பாடத்திட்டத்தை நாம் மாற்ற முடியாது. அது மஹரகம தேசிய கல்வி நிறுவகத்தின் வேலை. மலையகத்துப் பிள்ளைக்கான வாசிப்புப் பத்திகளைப் படிப்படியாகத் தயாரித்து, வகுப்பறையில் சோதித்துப் பார்க்கிற வேலையைப் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்ற இடங்கள் கையில் எடுக்கலாம். எடுக்க வேண்டும் என்று நாம் கேட்கலாம். ஒரு ஆசிரியருக்கு இரண்டு மூன்று வகுப்பு இருக்கிற பாடசாலையில் இதையும் அவர் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்கிவிடவும் கூடாது.

ஆனால் லீவுக்கு வீட்டுக்கு வருகிற நம்மில் பலர் எப்படியும் மடத்திலோ வாசிகசாலையிலோ வகுப்பு எடுக்கிறோம். பாஸ்பேப்பர் செய்யத் தொடங்குவதற்கு முன்னால், ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தனியாக, மற்றப் பிள்ளைகளின் காது எட்டாத தூரத்தில். நூறு சொல்லில் ஒரு பத்தி. தட்டின இடத்தை உங்கள் தாளில் குறியுங்கள், பிள்ளையின் தாளில் வேண்டாம். சொந்தத் தமிழில் மாற்றி வாசித்ததைப் பிழையில் சேர்க்காதீர்கள். பிறகு மூன்று கேள்வி: என்ன நடந்தது, ஏன் நடந்தது, நீயா இருந்தா என்ன செய்வ. அடுத்த நாள் அதே நீளத்தில், பிள்ளைக்குத் தெரிந்த விசயத்தில் இன்னொரு பத்தி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளைக்கு எழுத்தில் குறையா, ஓட்டத்தில் குறையா, விளக்கத்தில் குறையா, இல்லை பக்கத்தில்தான் குறையா என்று உங்களுக்கே தெரியும்.

அந்தத் தாளைப் பாடசாலை டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். குறை சொல்லப் போகாதீர்கள், உதவிக்குப் போங்கள். நான் கொடுத்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவனா இப்படிச் சொன்னான்?" என்று கேட்டார். பட்டியலில் இருந்து அவன் பெயர் இன்னும் போகவில்லை. ஆனால் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதினார்: "விளங்குது. எழுத்துப் பயிற்சி மட்டும்."

எனக்கு அது போதாது. ஆனால் அடுத்த திங்கட்கிழமை அந்த வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்று இப்போது அந்த டீச்சருக்குத் தெரியும்.